‘வேண்டும்’ காணாமல் போன வழக்கு

ஸப்ஹா பார்லருக்குள் நுழைந்தபோது நான் ஒரு மணப்பெண்ணின் பாதித் தலையை முடித்திருந்தேன். வருகிறவள் முடி வெட்ட வந்தவளா, யாருடைய கழுத்தையாவது வெட்ட வந்தவளா என்பது வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஸப்ஹா செருப்பைக் கழற்றவே இல்லை.

“மாடியில இருக்காங்களா?”

“இருக்காங்க. உக்காரு உம்மு முனீஃப், டீ சொல்றேன்.”

“டீ குடிக்க வரலை.”

மூத்த மகன் முனீஃபின் பெயரால் ஊருக்கு அவள் உம்மு முனீஃப். தனியாக இருக்கும்போது எனக்கு ஸப்ஹா. மாடியில் இருப்பது வஹீபா அக்கா. பலகையில் ‘வீடு, மனை தரகு’ என்று போட்டிருக்கும். இன்றுவரை ஒரு குருவிக்கூட்டைக்கூட வாடகைக்கு விட்டதில்லை. எல்லைச் சாவடியில் பெண்களின் பைகளைச் சோதித்தே வயதானவர். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை, ஸர்க்கா நகரத்துப் பொய்களைச் சோதிக்கிறார். துணைக்கு நான், நஜ்லா. சம்பளம் கிடையாது. செய்தி கிடைக்கும். எனக்கு அதுதான் சாப்பாடு.

மணப்பெண்ணை டிரையருக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு நானும் மாடி ஏறினேன். அவள் தலை காய நேரமாகும். இவள் தலை கொதித்துக்கொண்டிருந்தது.

வழக்கு இதுதான். போன குளிர்காலத்தில் ஒரு தையற்கூடத்தில் தீப்பிடித்தது. இருந்தது ஒரே கதவு, தீ பிடித்ததும் அந்தக் கதவுப் பக்கம்தான். ஸப்ஹாவின் மகள் மனார் வெளியே வரவில்லை. கோர்ட்டில் நீதிபதி சட்டத்தை வாசித்தார். ‘ஒவ்வொரு தையற்கூடத்திலும் இரண்டாவது கதவு வைக்கலாம்.’ வைக்கலாம் என்றால் வைக்காமலும் இருக்கலாம். ஆகவே முதலாளி வீட்டுக்குப் போகலாம். போய்விட்டான்.

ஆனால் அரசாங்கம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சட்ட வரைவில் ‘வைக்க வேண்டும்’ என்றுதான் இருந்திருக்கிறது. அக்கா அதைத் துருவிப் பிடித்துவிட்டார். முந்தின ஆண்டு, பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை, கமிட்டி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. ‘வேண்டும்’ உள்ளே போனது. வெளியே வந்தது ‘லாம்’.

“யார்?” என்றாள் ஸப்ஹா.

“தேடிட்டிருக்கேன்,” என்றார் அக்கா. வறுத்த தர்பூசணி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினார்.

“எதுக்குத் தேடணும்? வக்கீல் முன்திர்தான். அந்தக் கமிட்டியில வேற யாருக்கு ‘வேண்டும்’முக்கும் ‘லாமு’க்கும் வித்தியாசம் தெரியும்? வெள்ளிக்கிழமை அவன் தேர்தல் பந்தல் திறக்கிறான். நான் போய் நடுப் பந்தல்ல நின்னு அவன் பேரை நாறடிக்கப் போறேன். இனி எந்த வீட்டு வாசல்லயும் அவன் ஓட்டுக் கேக்கக் கூடாது.”

“அவன் இல்லைன்னா?”

ஸப்ஹா மேசைமேல் கிடந்த விதைத் தோலைத் தட்டிவிட்டாள்.

“தப்பான ஆளை நாறடிச்சா, சரியான ஆளு கைதட்டிட்டுப் போயிடுவான்,” என்றார் அக்கா. “அதுக்கப்புறம் நீ உண்மையைச் சொன்னாலும் பைத்தியம்னு சொல்லிடுவாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு.”

“பொறுத்துதானே இருக்கேன். முதலாளி வீட்டைக் கொளுத்தணும்னு என் மகனும் மச்சினன்மாரும் கிளம்பினாங்க. அபூ தலால் பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து என் வாசல்ல நின்னாரு. ‘என் முகத்தை ஈடா வைக்கிறேன், நியாயம் கிடைக்க வைக்கிறேன், அவன் வீட்டு மேல ஒரு கல்லு விழக் கூடாது’ன்னு கேட்டாரு. அந்த முகத்துக்காக எல்லாரும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கோம். நல்லதுக்கும் வந்த மனுஷன், கெட்டதுக்கும் வந்த மனுஷன். அவரை மாதிரி ரெண்டு எம்.பி. இருந்தா என் பொண்ணு இருந்திருப்பா.”

அவள் இறங்கிப் போன பிறகு அக்கா என்னைப் பார்த்தார். “அந்தக் கமிட்டியில அபூ தலாலும் உறுப்பினர், தெரியுமா?”

“அவர் எந்தக் கமிட்டியில இல்லை? ஆனா எதுலயும் உக்கார மாட்டாரே.”

“கையெழுத்தைப் பார்த்தா அன்னைக்குக் கமிட்டியில எல்லாரும் வந்திருக்காங்க. விசாரிச்சா, ரெண்டு மூணு பேர்தான் இருந்திருக்காங்க.”

“மத்தவங்க?”

“சாவு வீடு, கல்யாண வீடுன்னு போயாச்சு. கையெழுத்தை முன்னாடியோ பின்னாடியோ போட்டுக்கறதுதான்.”

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எம்.பி.யின் வேலை சட்டம் செய்வது, மந்திரியைக் கேள்வி கேட்பது, அரசாங்கத்தின் வரவு செலவைக் குடைந்து பார்ப்பது என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் எம்.பி. என்றால் துக்க வீட்டில் முன்வரிசை, பெண் கேட்கும் இடத்தில் நடு நாற்காலி, பையனுக்கு இடமாற்றம், மாமனாருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை. ஒருவர் நாடாளுமன்றத்தில் நன்றாகப் பேசுகிறார் என்று என் பார்லரில் எந்தப் பெண்ணும் பாராட்டி நான் கேட்டதில்லை. ‘எங்க சித்தப்பா மௌத்துக்கு வரலை’ என்று ஓட்டை மாற்றிப் போட்டவர்கள் ஏராளம்.

*

மறுநாள் தலைநகர் அம்மானுக்குப் போனோம். அந்த வியாழக்கிழமை கடைசிவரை இருந்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் இன்ஸாஃப், பெண்களுக்கென ஒதுக்கிய இடத்தில் ஜெயித்த எம்.பி. அதற்கு முன் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை. அந்தப் பள்ளியில் படித்தவள் நான். கதவைத் திறந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

“நஜ்லா,” என்றார். “இன்னும் பக்கத்து டெஸ்க்குல பேசிட்டுதான் இருக்கியா?”

“இப்ப தொழிலாவே பண்றேன் மிஸ்.”

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “அந்த வார்த்தையை மாத்தினது யாரு?”

“மூடின கூட்டம். வெளியில சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“ஒரு பொண்ணு செத்திருக்கா.”

“தெரியும்.” அவர் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். “வாக்குன்னா வாக்குதான். அதை நான் உடைச்சா, நாளைக்கு யாரும் எந்த வாக்கையும் மதிக்க மாட்டாங்க.”

“முன்திரா? ஊரே சொல்லுது.”

“ஊர் சொல்றதைத் திருத்தறது என் வேலை இல்லை.”

“நீங்க டீச்சர். தப்பைத் திருத்தாம உங்களால இருக்க முடியாது,” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக அவருக்கே கோபமும் வந்தது. எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தினார்.

“வகுப்புல கண்ணாடி உடைஞ்சா நான் என்ன பண்ணுவேன், ஞாபகம் இருக்கா நஜ்லா?”

“யார் யார் இருந்தீங்கன்னு கேட்பீங்க.”

“இல்லை. அப்படிக் கேட்டா எல்லாரும் முழிப்பாங்க. யார் அங்க இல்லைன்னு கேட்பேன். அவசரமா எந்தக் கை உயருதோ, அதைப் பிடிச்சுப்பேன்.”

கதவு சாத்திக்கொண்டது. அக்கா கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நடந்தார்.

“வாக்கையும் உடைக்கலை, வழியையும் சொல்லிட்டாங்க. உன் மிஸ்ஸுக்கு எல்லைச் சாவடியில வேலை கொடுத்திருக்கலாம். சரி, அன்னைக்கு அங்க இல்லவே இல்லைன்னு சத்தம் போட்டுச் சொல்றது யாரு?”

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தீப்பிடித்த வாரத்திலிருந்து ஒவ்வொரு துக்க வீட்டிலும் தானாகவே அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர் ஒருவர்தான். அந்தக் கமிட்டிக்கு அன்று போகவே இல்லை, ஒரு பெண் கேட்கும் காரியமாக மாதபா ஊரில் இருந்தேன் என்று.

“அக்கா, அபூ தலாலா?” என்றேன். “ஸப்ஹா அவர் முகத்துமேல சத்தியம் பண்றா.”

“அதனாலதான் அந்த முகத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்.”

*

அபூ தலாலின் வரவேற்புக் கூடத்தில் மாலைத் தொழுகைக்குப் பிறகு மனுக் கொடுக்க வருகிறவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மன்றம் கலைந்து தேர்தல் வந்துவிட்டதால் வரிசை வாசல் தாண்டியிருந்தது. அவர் நடுவில். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. காபி ஊற்றுகிறவன் ஏலக்காய் மணக்க மணக்கச் சுற்றிக்கொண்டிருந்தான்.

நான் ஒரு மூலையில் அமர்ந்து காதைத் திறந்து வைத்தேன்.

“என் பையனுக்கு அகபாவுலேருந்து மாத்தல் வேணும் ஐயா.”

“பார்க்கலாம், கிடைக்கலாம்.”

“எங்க தெருவுக்குத் தண்ணி திறக்கிறதே இல்லை.”

“சொல்லிப் பார்க்கலாம், வரலாம்.”

“மாமியாருக்கு ஆபரேஷன் சீக்கிரம் ஆகணும்.”

“ஆகலாம்மா, ஆகலாம்.”

வந்தவர்கள் எல்லோரும் கையில் ஏதோ கிடைத்தமாதிரி எழுந்து போனார்கள். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு ‘முடியும்’ வரவில்லை, ஒரு ‘முடியாது’ வரவில்லை. அக்கா என் தொடையை இடித்தார். அவரும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டு ஓர் ஏழை அத்தையாக மாறினார். எல்லையில் கடத்தல்காரிகளைப் பார்த்துப் பார்த்துக் கற்ற நடிப்பு.

“அபூ தலால், என் தங்கச்சி பையனுக்குப் பொண்ணு கேக்கப் போறோம். ஜாஹா கூட்டத்துக்கு நீங்க முன்னாடி உக்காந்து கேட்டாதான் பொண்ணு வீட்டுக்காரங்க தருவாங்க.”

“வரலாம்மா. எப்ப?”

“அடுத்த வாரம். ஆனா மழை, பனின்னு சொல்றாங்க. நீங்க வருவீங்களோ என்னவோ.”

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், “யாரைப் பார்த்து என்ன கேக்கிறீங்கம்மா?” என்றார். “ரோடே மூடின அன்னைக்கு மாதபாவுக்குப் போனவரு.”

“நிஜமாவா?” என்றார் அக்கா, வாயைப் பிளந்து.

அபூ தலால் சாய்ந்து உட்கார்ந்தார். இந்தக் கதையை ஆயிரம் தடவை சொன்ன சுகம் அவர் குரலில் இருந்தது. “போனேம்மா. அந்த வியாழக்கிழமை கமிட்டின்னு கூப்பிட்டாங்க. சட்டம் எங்கயும் ஓடிப் போயிடாது, ஒரு விதவை வீட்டுக் காரியம் காத்திருக்குமான்னு கேட்டேன். காலையிலயே கிளம்பிட்டேன். நான்தான் தலைமை. நானே முன்னாடி உக்காந்தேன், நானே எழுந்து கேட்டேன், நானே பொண்ணை வாங்கிக் கொடுத்தேன். குளிர்னா குளிர், விரல் மடங்கலை. அந்தக் குளிர்ல அவங்க ஊத்தின காபி இருக்கே, வாயில வெச்சதும் நாக்கு வெந்து போச்சு. ரெண்டு நாளைக்கு மன்ஸஃப் கறிச்சோறு சாப்பிட்டாலும் வைக்கோல் மாதிரிதான் இருந்துச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் யாருடைய பைக்குள்ளோ எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

“அப்ப எங்க காரியத்துக்கும் வருவீங்க?”

“வரலாம்மா,” என்றார் அபூ தலால்.

*

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“கேட்டியா?”

“மன்ஸஃபை வைக்கோல்னு சொன்னதையா? அதுக்கே ஜெயில்ல போடலாம்.”

“காபி, நஜ்லா, காபி. பொண்ணு கேக்கப் போன தலைவர் முன்னாடி கப்பை வெச்சா அவர் என்ன பண்ணுவார்?”

“தொட மாட்டார். பொண்ணு தரோம்னு சொல்ற வரைக்கும்...” என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். கப் தரையில் இருக்கும். கேட்க வந்தவர் எழுந்து இறைவனைத் துதித்து, இரண்டு குடும்பத்தின் பெருமையையும் விரித்து, கடைசியில் பெண்ணைக் கேட்பார். அந்தப் பக்கத்துப் பெரியவர் எழுந்து அதே நீளத்துக்குப் பதில் சொல்லி, ‘காபியைக் குடியுங்கள், பெண் உங்களுடையவள்’ என்பார். அதற்குள் காபி குளத்துத் தண்ணீர் ஆகிவிடும். என் பார்லருக்கு வரும் மனைவிமார் பலர் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். தலைமை தாங்கியவரின் வயிறு கெடுவது அந்த ஆறிய காபியால்தான்.

“தலைமை தாங்கினவர் நாக்கு வேகாது,” என்றார் அக்கா. “பேச்செல்லாம் முடிஞ்சு, எல்லாருக்கும் புதுசா ஊத்தும்போது உள்ள நுழைஞ்சவர் நாக்குதான் வேகும். மனுஷன் லேட்டாப் போயிருக்கார். காலையிலயே கிளம்பலை.”

“அப்ப காலையில?”

“கமிட்டி.”

வண்டி நேராக இன்ஸாஃப் மிஸ் வீட்டுக்குத் திரும்பியது.

அவர் கதவைத் திறந்ததும் அக்கா சொன்னார்: “அபூ தலால் அங்க இருந்தார். காபி சொல்லிடுச்சு.”

இன்ஸாஃப் மிஸ் உள்ளே வரச் சொன்னார். “நீங்களே கண்டுபிடிச்சீங்க, நான் சொல்லலை. ஆனா கோர்ட்டுக்கோ, மேடைக்கோ கூப்பிட்டா வர மாட்டேன்.”

“ஏன்?”

“நானும் கை தூக்கினேன்.” அவர் உட்கார்ந்தார். “முதலாளிகள் சங்கத்து ஆளு காலையிலேருந்து வாசல்லயே நின்னுட்டிருந்தான். ரெண்டாவது கதவு வெச்சா சின்னக் கடைங்க திவாலாயிடும்னு புலம்பல். முன்திர் விடலை. ‘வேண்டும்’தான்னு மேசையைத் தட்டினார். ஆமா, முன்திர். ஊர் தப்பா நினைக்கிற முன்திர். மதியம் தாண்டியும் அந்த ஒரு வரியிலயே நின்னோம். அபூ தலாலோட போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. கடைசியில அவர் எழுந்தார். ‘ரெண்டு பேர் பேச்சும் சரிதான். “லாம்”னு போடுங்க, எல்லாருக்கும் திருப்தி, நான் கிளம்பணும்’னார். முன்திருக்கு டி.வி.க்காரங்க காத்துட்டிருந்தாங்க. எனக்கு என் பள்ளிக்கூட மசோதாவுக்கு அபூ தலால் கை வேணும். கை தூக்கினோம். அதுக்கப்புறம் பெரிய மன்றத்துல நூறு கைக்கு மேல உயர்ந்துச்சு. ஒருத்தரும் படிக்கலை.”

முதலாளியிடம் வாங்கிக்கொண்டு செய்தார் என்றுதான் நான் கதை கட்டி வைத்திருந்தேன். வாங்கியிருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

“போன்ல யாரு?” என்று கேட்டேன். எனக்கு இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

“ஒரு பொம்பளை. எங்களுக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டார். ‘எல்லாரும் வந்தாச்சு, நீங்க இல்லாம எங்க மானம் போகுது. அந்தச் சட்டத்தை நாளைக்கு எழுதிக்கலாம், பொண்ணு வீடு நாளைக்கு வரைக்கும் நிக்குமா?’ன்னு அழுதா. இவர், ‘வந்துட்டேன் உம்மு முனீஃப், வந்துட்டேன்’னு சொல்லிட்டே கோட்டை மாட்டினார்.”

அக்காவின் கையிலிருந்த தர்பூசணி விதைகள் தரையில் சிதறின. அவர் குனிந்து பொறுக்கவில்லை.

*

“சொல்ல வேண்டாம்,” என்றேன் வழியெல்லாம். “ஸப்ஹா கேட்டது பேரை, பேரைக் கொடுத்திடுவோம். போனைப் பத்தி எதுக்கு? அவ செத்துடுவா.”

“சொல்லாட்டி நாளைக்கு அபூ தலால் சொல்லுவான். நாலு பேர் முன்னாடி, அவ எதிர்பாக்காத நேரத்துல. யோசிச்சுப் பாரு. நம்மகிட்ட சாட்சி இல்லை. உன் மிஸ் வர மாட்டாங்க. முன்திர் பேசினா தேர்தல் பொறாமைம்பாங்க. அந்த வார்த்தையை மாத்தினேன்னு சொல்லக் கூடிய வாய் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது எப்பத் திறக்கும்? பழியை வேற ஆளு தலையில போட வாய்ப்புக் கிடைச்சாத்தான்.”

வெள்ளிக்கிழமை காலை ஸப்ஹாவின் சமையலறையில் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மென்று விழுங்காமல், எதையும் மறைக்காமல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் போயிற்று.

“முனீஃபோட ஜாஹா அன்னைக்கா?” என்றாள் கடைசியில்.

“ஆமா.”

“வழியில பனி, அதான் லேட்டுன்னு சொன்னாரு. அவர் வர்றதுக்குள்ள என் மச்சினன் எழுந்து பேசி முடிச்சிட்டான்.” அடுப்பை அணைத்தாள். “நான்தான் கூப்பிட்டேன். திரும்பத் திரும்ப.”

அலமாரியைத் திறந்து மனாருக்காக உடுத்தியிருந்த துக்கத் துணியை எடுத்தாள். பல்லில் கடித்து நடுவில் கிழித்தாள். இரண்டு துண்டையும் மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எதுக்கு ரெண்டு?” என்று கேட்டேன்.

“நட,” என்றாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து அபூ தலாலின் தேர்தல் பந்தல் நிரம்பியிருந்தது. ஆண்கள் பந்தலுக்குள் ஸப்ஹா நேராக நடந்தாள், பின்னால் நாங்கள். முனீஃப் எங்களைப் பார்த்து எழுந்து நின்றான். பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றுபோனது.

“வாங்க உம்மு முனீஃப்,” என்றார் அபூ தலால். “பொம்பளைங்க பந்தல் அந்தப் பக்கம்.”

“தெரியும். எனக்கு வேலை இந்தப் பக்கம்.”

“சொல்லுங்க. என்ன வேணும்னாலும் பார்க்கலாம்.”

“பனி விழுந்த வியாழக்கிழமை கமிட்டியில ‘வேண்டும்’மை ‘லாம்’னு போடச் சொன்னது யாரு?”

“நான் அன்னைக்குக் கமிட்டிக்கே போகலைம்மா. உங்க வீட்டுக் காரியத்துலதானே இருந்தேன். அல்லாஹ் சாட்சி.”

“எங்க வீட்டுக் காரியத்துக்கு நீங்க வந்தப்ப பேச்சு முடிஞ்சிருந்துச்சு. பேசினது என் மச்சினன். இதோ உக்காந்திருக்கான், கேளுங்க. அதுவரைக்கும் எங்க இருந்தீங்க?”

மச்சினன் தலை குனிந்தான். பந்தலில் நூறு கழுத்து அவன் பக்கம் திரும்பி, மறுபடி அபூ தலால் பக்கம் வந்தது.

“நீங்க எனக்கு முகம் கொடுத்திருக்கீங்க,” என்றாள் ஸப்ஹா. “அந்த முகத்தை வெச்சுச் சொல்லுங்க. என் பொண்ணைப் பூட்டி வெச்ச அந்த வார்த்தை யாரோடது?”

“யாரோடதா?” அவர் எழுந்தார். குரல் உடைந்து மேலே போனது. “கேக்கறாங்களே, கேளுங்கப்பா. கமிட்டியில உக்காந்திருந்த என்னை உக்கார விடாதது யாரு? மூச்சு விடாம போன் பண்ணது யாரு? சட்டத்தை நாளைக்கு எழுதிக்கலாம், வாங்க வாங்கன்னு அழுதது யாரு? உங்களுக்காகத்தான் அந்த வரியை அப்படி முடிச்சுட்டு ஓடி வந்தேன். நீங்க கூப்பிட்டுத்தான் வந்தேன்.”

அக்கா என் கையை நகம் பதியக் கிள்ளினார். வாய் திறந்துவிட்டது. அதை அபூ தலாலும் இரண்டு விநாடி கழித்துத்தான் உணர்ந்தார்; அதற்குள் அது பந்தலின் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்திருந்தது.

ஸப்ஹா அசையவில்லை.

“ஆமா. நான் கூப்பிட்டேன். நான் அம்மா, மகன் மானத்துக்காக யாரை வேணாலும் கூப்பிடுவேன், எப்ப வேணாலும் கூப்பிடுவேன். வர முடியாதுன்னு சொல்றதுக்குத்தானேடா உன்னை அங்க அனுப்பினோம்.”

அவ்வளவு நாள் ‘நீங்கள்’ ஆக இருந்தவர் அந்த இடத்தில் ‘நீ’ ஆனார். பந்தலில் யாரும் அவளைத் திருத்தவில்லை.

அவள் பந்தலின் முன்கம்பத்துக்குப் போனாள். ஒரு கறுப்புத் துண்டை எடுத்து, எட்டிய உயரத்தில் கட்டி, முடிச்சை இரண்டு கையாலும் இழுத்து இறுக்கினாள். கொடுத்த முகத்தைக் காக்காதவன் வாசலில் கறுப்புத் துணி ஏறினால் அவன் முகமும் அதே நிறம். எங்கள் தாத்தாமார் காலத்தில் ஏறியதாகக் கேட்டதுதான். என் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

“முகம் விட்டுப் போச்சு,” என்றாள் மகனையும் மச்சினன்மாரையும் பார்த்து. “முதலாளி விஷயத்துல இனி நமக்கும் இவருக்கும் பேச்சு இல்லை. கேஸை முன்திர்கிட்ட கொடுத்துப் பெரிய கோர்ட்டுக்குப் போறோம்.”

“அதை அவுத்துப் போடுங்கப்பா,” என்றார் அபூ தலால். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. காபி ஊற்றுகிறவன் கூஜாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் செருப்பைத் தேடினான். முன்வரிசைப் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்தவர்கள் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, அந்தத் துணியின் நிழல்கூடத் தங்கள்மேல் படாமல் வெளியேறினார்கள். அகபாவிலிருந்து மகனுக்கு மாற்றல் கேட்ட மனிதர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரும் போனார்.

தன் வீட்டுக்கு வந்ததும் ஸப்ஹா மொட்டைமாடிக்கு நேராக ஏறினாள். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் இரண்டாவது துண்டைக் கட்ட ஆரம்பித்தாள். காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. முனீஃப் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தான், அவனைப் பார்த்தாள், விட்டுவிட்டான்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரி கைச்சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“உம்மு முனீஃப், அந்த ஆளுக்குத்தான் அங்கயே கட்டியாச்சுன்னு சொன்னாங்களே. இது யாருக்கு?”

ஸப்ஹா முடிச்சை இறுக்கினாள்.

“கூப்பிட்டவளுக்கு,” என்றாள்.